பவுனுக்கு ஒட்டிய மீசை

போன வாரம் என் கொள்ளுப்பேத்தியின் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. வீட்டில் ராணி வேஷம் எடுத்து வைத்திருந்தார்கள். அவளோ ராஜாதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிவிட்டாள். காலையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து அவள் அம்மா மீசை ஒட்டினாள். அந்தச் சின்னக் குப்பியைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது பாருங்கள், குங்கிலியமும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை, கையிலிருந்த காப்பி ஆறிப்போனதுகூட எனக்குத் தெரியவில்லை. குழந்தை ஒரு தும்மல் போட்டாள். மீசை எகிறி வந்து என் மடியில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்காமல் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். "தாத்தா, வேன் வந்துடும், மீசையைக் குடுங்க" என்று என் பேத்தி அதட்டிய பிறகுதான் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் ராயபுரத்தில் இந்தப் பசை கடையில் கிடைக்காது. நாங்களே கரைத்துக்கொள்ள வேண்டும். குங்கிலியம் நாட்டுமருந்துக் கடையில் கிடைத்துவிடும். ஸ்பிரிட்டுக்குத்தான் திண்டாட்டம். மதுவிலக்கு அமலில் இருந்த நாட்கள். மேஜை நாற்காலிக்கு மெருகு போடும் ஆசாரி ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சீசா வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவேன். தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரர் மோப்பம் பிடித்துவிட்டு, "இன்னாய்யா அது, வாசன தூக்குது?" என்பார். "நாடகத்துக்குங்க, மீசை ஒட்ட" என்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். எனக்கு அப்போது சொந்தமாகவே பெரிய மீசை இருந்தது. அவர் எப்படி நம்புவார், நீங்களே சொல்லுங்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. ஈரச் சாக்கு, கருவாடு, தார் மூன்றும் சேர்ந்த வாடை என் சட்டையில் நிரந்தரமாகக் குடியிருந்தது. சாயங்காலமானால் காசிமேட்டுப் பக்கம் எங்கள் சந்தில் கூடி நாடக ஒத்திகை பார்ப்போம். சபாவுக்குப் பெயர் வைப்பதில் தகராறு வந்து, மூன்று பேர் மூன்று பெயர் சொல்லி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போய், கடைசிவரை பெயரே வைக்கவில்லை.

நாடகம் எழுதுவது ஏகாம்பரம் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மேலே கூண்டில் உட்கார்ந்தபடியே வசனம் யோசிப்பார். நல்ல வரி ஒன்று அகப்பட்டுவிட்டால் அங்கிருந்தே கீழே பார்த்துக் கத்துவார். கொக்கியில் மூட்டை ஆடிக்கொண்டிருக்கும். கீழே நிற்பவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வசனம் கேட்பார்கள். யாரும் நன்றாக இல்லை என்று சொன்னதில்லை.

அந்த வருஷத்து நாடகம் ரங்கூன் கதை. யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருந்ததால் கதைக்குப் பஞ்சமில்லை. புதிதாகக் கல்யாணமான ஒருவன் மனைவியை விட்டுக் கப்பலேறுகிறான். யுத்தம் வருகிறது. செத்துவிட்டான் என்று ஊரே முடிவு கட்டிய பிறகு ஒரு நாள் வாசலில் வந்து நிற்கிறான். மனைவி கேட்கிறாள்: "நாதா! இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?" அவன் சொல்கிறான்: "எங்கும் போகவில்லை, கண்ணே! கடல் கடந்து போனது இந்த உடல். உயிர் உன் வாசற்படியிலேயே கிடந்தது." இந்த இடத்துக்காகத்தான் ஏகாம்பரம் அண்ணன் முழு நாடகத்தையும் எழுதினார் என்று சொல்லலாம். கதாநாயகன் நான். நடிப்புக்காக அல்ல, மீசைக்காக. கதாநாயகி தணிகாசலம்.

தணிகாசலத்துக்குக் கப்பலில் துரு தட்டும் வேலை. கப்பலின் வெளிப்பக்கம் கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சுத்தியலால் துருவைத் தட்டி எடுக்க வேண்டும். சாயங்காலம் வரும்போது புருவம், காது மடல் எல்லாம் செம்பழுப்பாக இருக்கும். குழாயடியில் தேய்த்துக் குளித்துவிட்டு, அம்மாவின் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவன் வேறு ஆள். எங்கள் பக்கத்தில் கேலிக்குக் கேட்க வேண்டுமா? "பொடவ கட்டிக்க கூச்சமா இல்ல நைனா?" என்று எவனோ கேட்டான். "இதுல இன்னா கூச்சம்? எங்கம்மா பொடவ கட்டிகினு மூட்ட தூக்குறா. நா சும்மா பேசத்தானே போறேன்" என்றான் தணிகாசலம். கேட்டவன் பீடி பற்றவைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டான்.

அவனுக்குப் பெண் வேஷம் பொருந்தியது குரலால். கொஞ்சம் கம்மிய, ஈரம் படிந்த மாதிரியான குரல். அவனுடைய தங்கை பவுனுக்கும் அச்சாக அதே குரல். குழாயடியிலிருந்து இருவரில் ஒருவர் "யம்மா, கொடம் ரொம்பிச்சி" என்று கூப்பிட்டால் கூப்பிட்டது அண்ணனா தங்கையா என்று சந்தில் இருந்தவர்களுக்கே தெரியாது. அப்பா இல்லாத வீடு. அம்மா ராஜம்மா எங்கள் கிடங்கில்தான் வேலை பார்த்தாள். மூட்டையிலிருந்து சிந்திய தானியத்தைக் கூட்டிப் புடைத்துச் சேர்க்கும் பெண்களில் ஒருத்தி. வேலை முடிந்து வந்ததும் அலுப்பில் படுத்துவிடுவாள். ஒத்திகைப் பக்கம் வந்ததே இல்லை.

ஏகாம்பரம் அண்ணன் யாருக்கும் வசனம் எழுதித் தரமாட்டார். வாயால் சொல்லிக் கொடுப்பார், கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். தணிகாசலம் வீட்டுக்குப் போய் மறுபடி சொல்லிப் பார்ப்பான். எதிரில் கதாநாயகன் வேண்டுமே, அதற்குத் தங்கையைப் பிடித்துக்கொண்டான். என் வசனத்தையெல்லாம் பவுனுக்குச் சொல்லிக் கொடுத்து, அவளைப் பேசவைத்து, இவன் பதில் சொல்வான். அடுப்பில் சோறு கொதிக்க, ஒரு பதினைந்து வயதுப் பெண் "கண்ணே" என்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டார் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள்.

வாசல் காட்சியில் அவன் அழமாட்டான். சோற்றுக்கு நேரம் கழித்து வந்தவனைக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்பான். ஏகாம்பரம் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "அயுவுடா! புருசன் வந்துகீறான்!" தணிகாசலம் நிதானமாகச் சொன்னான்: "ரொம்ப நாளு காத்துகினு இருந்தவ ஒடனே அயுவ மாட்டாண்ணா. மொதல்ல கேப்பா." இத்தனை வயதுக்கு நான் எத்தனையோ நல்ல நடிகர்களைப் பார்த்துவிட்டேன். அவன் கேட்ட மாதிரி யாரும் கேட்டதில்லை.

மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் அவன் இல்லை. இதை நீட்டி எழுத எனக்கு இப்போதும் தெம்பில்லை. கூடவே சுத்தியல் பிடித்த துரு தட்டும் பையன்கள்தான் பாடை தூக்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பவுனே பல வருஷம் கழித்துச் சொன்னாள். சாவுச் சடங்குகள் முடிவதற்குள் ஒரு நாள் அவள் குழாயடியிலிருந்து "யம்மா" என்று கூப்பிட்டாளாம். உள்ளே உட்கார்ந்திருந்த ராஜம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். வந்து பவுனைப் பார்த்தாள். அந்த முகம் அப்படியே விழுந்துபோயிற்று. திரும்பி உள்ளே போய்விட்டாள். "என்ன பாத்துட்டு அப்டி ஒரு மூஞ்சி வச்சாங்கண்ணா. இனிமே அவுங்கள ஏமாத்தக் கூடாதுன்னு வாயே தொறக்கல" என்றாள் பவுனு. சந்தில் இருந்தவர்கள் அதிர்ச்சியில் பெண் ஊமையாகிவிட்டாள் என்று நினைத்தார்கள். மந்திரித்த கயிறெல்லாம் கட்டினார்கள். ராஜம்மா வேலைக்குப் போவதை விட்டாள். மகளை நிமிர்ந்து பார்ப்பதையும் விட்டாள். ஒரே அறையில் இரண்டு பேர், சுவரைப் பார்த்தபடி.

கருமாதி முடிந்த பிறகு, அவன் ஒத்திகைக்குக் கட்டிய புடவையைத் திருப்பிக் கொடுக்க நானும் ஏகாம்பரம் அண்ணனும் போனோம். அது ராஜம்மாவின் கல்யாணப் புடவை. அண்ணன் அதைப் பிரித்து, கிழியவில்லை, கறைபடவில்லை என்று காட்டினார். வேறு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, வசனம் எழுதுகிற மனுஷனுக்கே. ராஜம்மா புடவையைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, "இத்த கட்டிகினு எம்புள்ள இன்னா தம்பி சொல்லுவான்? நா ஒரு நாளு வந்து பாக்கலியே" என்றாள்.

பெற்றவள் கேட்டுவிட்டாள். அவன் எதிரில் நின்று நூறு தடவை கேட்ட வசனம். அவன் சொல்வதுபோலவே மெதுவாகச் சொன்னேன். "நாதா, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?"

மூலையிலிருந்து பதில் வந்தது. "எங்கும் போகவில்லை, கண்ணே! கடல் கடந்து போனது இந்த உடல். உயிர் உன் வாசற்படியிலேயே கிடந்தது."

பவுனு சுவரில் சாய்ந்து, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். அச்சாக அண்ணனின் குரல். ராஜம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மகன் போன பிறகு அவள் அழுதது அன்றுதான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பவுனு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம் மௌனமாக வந்தார். எனக்கு உடனே பயம் வந்துவிட்டது. அவர் மௌனமாக இருந்தால் ஏதோ திட்டம் போடுகிறார் என்று அர்த்தம். மறுவாரமே ராஜம்மாவிடம் போய், நாடகத்தை நிறுத்த வேண்டாம், பவுனு நடிக்கட்டும் என்று கேட்டுவிட்டார். ராஜம்மா, "இங்க செவுத்த பாத்துகினு கீது. அங்கியாவது வந்து வாயத் தொறக்கட்டும்" என்றாள்.

பவுனு ஒத்திகைக்கு வந்து நின்றாள். கதாநாயகி வசனத்தைச் சொல் என்றால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். அண்ணன் கெஞ்சினார், கத்தினார், மறுபடி கெஞ்சினார். அவளுக்கு எடுத்துக்கொடுக்கலாம் என்று நான் கதாநாயகியின் வரியைச் சொன்னேன். டக்கென்று கதாநாயகனின் பதில் வந்தது. அடுத்த வரியைச் சொன்னேன், அதற்கும் வந்தது. முழுக் காட்சியும் தடங்கலில்லாமல் ஓடிற்று. தணிகாசலம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். கதாநாயகி பேசுவதும் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஏன் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் கேட்டேன். "அது அண்ணனோடது. அத்த நா எப்டி சொல்றது?" என்றாள்.

ஆக, பெண் கதாநாயகன் ஆகிவிட்டாள். அப்படியானால் கதாநாயகி? ஏகாம்பரம் அண்ணன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, மூக்குக்குக் கீழே பார்த்தார்.

ஐயா, அந்த மீசைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிடங்கில் அதை வைத்துத்தான் கூலிக்காரர்கள் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை கொடுத்தார்கள். அதை மழித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன். வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. மேலுதடு மட்டும் வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் கைக்குட்டையை வைத்து மறைத்துக்கொண்டு, ஜலதோஷம் என்று சொல்லித் திரிந்தேன்.

சந்தில் பெரியவர்கள் சிலர் கிளம்பினார்கள். வயசுக்கு வந்த பெண்ணை மேடையேற்றுவதா என்று ராஜம்மாவின் வாசலில் கூடினார்கள். அவள் வெளியே வந்து சொன்ன நியாயம் எனக்கு மறக்காது. "பொடவையோட நின்னா பொம்பளன்னு பாப்பானுங்க. மீச வச்சிகினு நின்னா ஆம்பளதானே? எவன் பாக்கப் போறான்? போங்க போங்க." வந்தவர்கள் கலைந்து போனார்கள்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய சாயங்காலம் நாடகம். மறுநாள் சங்கு ஊதினால் வேலைக்கு ஓட வேண்டியவர்கள் என்பதால் விளக்கு வைத்ததும் ஆரம்பித்துவிடுவோம். துரு தட்டும் பையன்கள் தாங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கி மேடை கட்டினார்கள். கப்பல் தார்ப்பாய்தான் திரை. ஏகாம்பரம் அண்ணன் பசையைத் தடவிப் பவுனுக்கு மீசை ஒட்டினார். அவள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு ஏகாம்பரத்தின் வசனத்தைத் தவிர அப்போதும் வேறு பேச்சு கிடையாது. வீட்டில் அதுவும் இல்லை. நாடகம் முடிந்ததும் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாளே என்று எங்கள் எல்லோருக்கும் கவலை.

ராஜம்மா வரமாட்டேன் என்றிருந்தாள். கிடங்குப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்து வந்து தங்கள் நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.

வாசல் காட்சி வந்தது. தாடியும் மீசையுமாகப் பவுனு வந்து நின்றாள். நான், ராஜம்மா கொடுத்தனுப்பிய அந்தக் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறேன். வாயைத் திறந்தேன். வரவில்லை. மறதி அல்ல, வசனம் தொண்டையில்தான் இருந்தது. அவன் நின்ற இடத்தில் நிற்கிறோம், அவன் புடவையில் நிற்கிறோம் என்ற எண்ணம் வந்து குரல்வளையைப் பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து ஏகாம்பரம் அண்ணன் "நாதா... நாதா..." என்று கிசுகிசுத்தார். கூட்டத்தில் ஒருவன், "இன்னாம்மே, புருசன பாத்து பேஜாராயிட்டியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்புக்கு நடுவே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு உருவம் எழுந்தது. ராஜம்மா. என்னைப் பார்க்கவில்லை. மேடையில் தாடியோடு நின்ற மகளைப் பார்த்தாள்.

"பவுனு... இத்தினி நாளு எங்கம்மா போயிருந்தே?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஏகாம்பரம் அண்ணன் தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து "எங்கும் போகவில்லை, கண்ணே" என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தார். பவுனு அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"எங்கியும் போலம்மா. இங்கதான் கீறேன்."

அதே கம்மிய குரல். ராஜம்மாவின் முகம் விழவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி. ஆட்டத்த ஒயுங்கா முடிச்சிட்டு வா. சோறு துண்லாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் விக்கி விக்கி அழுதேன். மை கரைந்து கன்னமெல்லாம் வழிந்தது. ஜனங்கள் என் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

அடுத்த வாரம் ராஜம்மா முறத்தோடு கிடங்குக்கு வந்துவிட்டாள். மகனை நினைத்து அவள் அழாத நாள் இருந்திருக்காது. ஆனால் அழுதுகொண்டே, பக்கத்தில் இருப்பவளிடம் பவுனின் பெருமையும் பேசுவாள். சந்தில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டாயிற்று. ராஜம்மா சொன்ன நியாயம் சட்டமாகிவிட்டது: மீசை ஒட்டிக்கொண்டால் பெண்கள் மேடையேறலாம். அடுத்த ஆடிக்கு நாலைந்து பெண்கள் வந்தார்கள். எல்லோரும் ராஜா, தளபதி, போலீஸ்காரர். ராணி, தோழி எல்லாம் மூட்டை தூக்குகிற ஆண்கள். திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் இந்தத் தலைகீழ் நாடகத்தைப் பார்த்துச் சிரிக்கவே ஆட்கள் வந்தார்கள். சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். பவுனு நின்றுபோன படிப்பைத் தொடர்ந்து ஆசிரியை ஆனாள். அந்தக் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கும் என்று அவளிடம் படித்தவர்கள் சொல்வார்கள்.

இப்போது அந்தச் சந்து இல்லை. துறைமுகத்துக்குப் போகும் ரோடு அதை விழுங்கிவிட்டது. மேடை போட்ட இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. கோயில் தள்ளிப் போய்விட்டது. ராஜம்மா, ஏகாம்பரம் அண்ணன், பலகை கொண்டுவந்த பையன்கள், மீசை வைத்த ராஜாக்கள், ஒருவரும் இல்லை. மிச்சம் நானும் பவுனும்தான். தணிகாசலத்தை யாரும் போட்டோ எடுத்ததில்லை.

பேத்தி மகளை வேனில் ஏற்றிவிட்ட பிறகு பவுனுக்குப் போன் செய்தேன். "நா மீச வச்சி நடிச்சேன்னா இங்க கீற புள்ளைங்க எதுவும் நம்ப மாட்டேங்குது. நீ வந்து சாட்சி சொல்லுண்ணா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கொடுங்கையூருக்குப் போனேன். பவுனின் பேரன்தான் கதவைத் திறந்தான். நல்ல உயரம், தாடி, ஏதோ கம்ப்யூட்டர் வேலை, போன மாதம்தான் நிச்சயதார்த்தம் ஆகியிருக்கிறது. காப்பி குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். பவுனு கட்டிலில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தாத்தா, தணிகாசலம் தாத்தா பாக்க எப்படி இருப்பாரு?" என்றான்.

நான் பவுனைப் பார்த்தேன். பவுனு என்னைப் பார்த்தாள்.

"தாத்தா இல்லப்பா. உன்னைவிடச் சின்னப் பையன்" என்றேன்.